அரங்கேற்ற உடுப்பை எதில் அனுப்புவது?

மந்தைவெளியில் வீட்டு மாடியிலேயே பரதநாட்டிய உடுப்பு தைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. முன்பெல்லாம் மயிலாப்பூர், அடையாறு, நங்கநல்லூர் என்று ஊருக்குள்ளேயே ஆர்டர் முடிந்துவிடும். அளவு கொடுக்க வருவார்கள், தைத்ததை வாங்கிக்கொள்ளவும் வருவார்கள். இப்போது பாதிக்கு மேல் வெளியூர். அளவு வாட்ஸ்அப்பில் வருகிறது, உடுப்பு பார்சலில் போகிறது.

அப்படிப் போன ஒரு உடுப்பு இன்னும் மனதை உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். புதன்கிழமை சாயங்காலமே ஒரு தனியார் கூரியரில் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் போய்விடும் என்றார்கள். வெள்ளிக்கிழமை டிராக்கிங்கில் பார்த்தால் 'வீடு பூட்டியிருந்தது' என்று போட்டிருந்தது. அந்தப் பெண்ணின் பாட்டி அன்று முழுக்க வாசல் திண்ணையை விட்டு நகரவில்லை. சனிக்கிழமை அந்த ஊர் கிளையில் போனையே எடுக்கவில்லை. உடுப்பு திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தது. குழந்தை வேறொரு பெண்ணின் உடுப்பைக் கடன் வாங்கி, இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டு ஆடியிருக்கிறாள். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த ஊர், எதில் போட்டேன், எத்தனை மணிக்குப் போட்டேன், எப்போது கையில் கிடைத்தது என்று எழுதிவிடுவேன். 'கையில்' என்பது முக்கியம். ஊருக்கு வந்துவிட்டது என்பது வேறு, வீட்டுக்கு வந்துவிட்டது என்பது வேறு.

போன ஐப்பசியில், நவராத்திரி ஓய்ந்து மார்கழி ஆர்டர் சூடுபிடிப்பதற்கு முன்னால், ஒரு வாரம் கொஞ்சம் கை ஓய்வாக இருந்தது. பட்டு மிச்சத்தில் சலங்கை வைக்கும் சுருக்குப் பை ஒன்பது தைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு வீடு, பெங்களூரில் ஒரு வீடு, செங்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீடு. மூன்றும் பழகிய வாடிக்கையாளர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பை, மூன்று வழியில்: ஸ்பீடு போஸ்ட், தெருமுனையில் இருக்கும் ஒரு கூரியர், ஆம்னி பஸ் பார்சல். எல்லாவற்றையும் ஒரே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்டேன். கிடைத்த நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள் என்று மூன்று வீட்டிலும் கேட்டுக்கொண்டேன்.

கோயம்புத்தூருக்கு முதலில் போனது பஸ். செவ்வாய் இரவு கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பி, புதன் காலை ஆறரைக்கெல்லாம் காந்திபுரத்தில் டிராவல்ஸ் ஆபீசில் இறங்கிவிட்டது. பெண்ணின் அப்பா பைக்கில் போய் எடுத்துக்கொண்டார். கூரியர் அதே புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு வீட்டிலேயே கொடுத்தது. ஸ்பீடு போஸ்ட் வியாழன் பதினோரு மணி. பெங்களூரிலும் வரிசை இதேதான். ஆனால் பஸ்காரர்கள் மடிவாளாவில் இறக்க, அங்கிருந்து வீட்டுக்கு எடுத்துவர அவர்கள் ஆட்டோவுக்குக் கொடுத்தது நான் பஸ்ஸுக்குக் கட்டியதைவிட அதிகம். வேகம் என்று பார்த்தால் பஸ்தான். ஆனால் போய் வாங்க ஆள் வேண்டும், விடியற்காலையில் போன் எடுக்க வேண்டும்.

செங்கோட்டைக் கணக்கு தலைகீழ். பஸ் பார்சல் புதன் காலையே தென்காசியில் இருந்தது. அதை எடுக்க அவர்கள் தனியாக ஒருமுறை டவுனுக்குப் போக வேண்டும். கூரியர் வியாழக்கிழமை தென்காசிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. 'அந்த ஊருக்கு எங்களுக்கு டெலிவரி கிடையாது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று போன். புக்கிங் செய்தபோது இங்கே யாரும் அதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை சந்தைக்குப் போனபோதுதான் இரண்டையும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார்கள். ஸ்பீடு போஸ்ட் வெள்ளிக்கிழமை காலை தபால்காரர் கையால் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

இதைப் பார்த்த பிறகு, ஸ்பீடு போஸ்ட் கோவைக்கு வியாழன்வரை ஏன் எடுத்துக்கொண்டது என்று மயிலாப்பூர் கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த அம்மா ரசீதைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க போட்டப்ப அன்னிக்குப் பை கட்டியாச்சு" என்றார். சாயங்காலம் ஒரு நேரத்தில் தபால் பையைக் கட்டி, ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் மறுநாள் பையில்தான் போகும். ரசீதில் செவ்வாய் என்றிருந்தாலும் என் பார்சல் ஊரைவிட்டுக் கிளம்பியது புதன்கிழமைதான். இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் இன்னொன்றை மதியம் ஒரு மணிக்குப் போட்டுப் பார்த்தேன், மறுநாள் சாயங்காலத்துக்குள் கோவையில் கொடுத்துவிட்டார்கள். இந்த நேரம் ஒவ்வொரு தபால் நிலையத்துக்கும் மாறும். உங்கள் கவுண்டரில் கேட்கவேண்டியது 'எத்தனை நாளில் போகும்' என்பதல்ல, 'பை எத்தனை மணிக்குக் கட்டுவீர்கள்' என்பதுதான். கூரியர்காரர்களிடமும் 'லோடு எத்தனை மணிக்கு எடுப்பார்கள்' என்று கேட்டால் சரியான பதில் சொல்லிவிடுகிறார்கள். நேரம் தவறிவிட்டால் நான் எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) கவுண்டருக்குப் போய்விடுவேன். இரவு ஒன்பது மணிக்கு மேல்கூட அங்கே புக் செய்திருக்கிறேன்.

அடுத்தது எடை. இதில் நான் இழந்த காசு கொஞ்சநஞ்சமல்ல. நாட்டிய உடுப்பில் முன்பக்கம் விசிறி இருக்கிறது அல்லவா, அந்தக் கொசுவம் நசுங்கக்கூடாது என்று பெரிய அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புவேன். 45 செ.மீ. நீளம், 35 அகலம், 15 உயரம். தராசில் ஒன்றரைக் கிலோகூட வராது. பில்லில் ஐந்து கிலோ என்று இருக்கும். கேட்டால் 'வால்யூம் வெயிட்' என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000 ஆல் வகுக்கிறார்கள். என் பெட்டிக்கு அது 4.7 கிலோ. நிஜ எடை, இந்தக் கணக்கு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. அனுப்பியதில் பாதிக்கு மேல் காற்று.

இப்போது பெட்டியின் உயரத்தை 8 செ.மீ. ஆக்கிவிட்டேன். அதே நீள அகலத்துக்குக் கணக்கு இரண்டரைக் கிலோதான் வருகிறது. அதற்காக மடிப்பு முறையையே மாற்றவேண்டி வந்தது. விசிறிக் கொசுவத்தை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு, மேலே, நடுவில், கீழே என்று மூன்று வரிசை ஓட்டுத்தையல் போட்டுவிடுவேன். வெள்ளை நூல், நீளத் தையல், இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். கொசுவம் அட்டை மாதிரி படிந்துவிடும், பார்சலை எப்படிப் புரட்டினாலும் கலையாது. ஜரிகையில் ஜரிகை உரசாமல் இருக்க நடுவில் பழைய பருத்திப் புடவைத் துண்டு. அதன்மேல் பிளாஸ்டிக் கவர், அப்புறம் பெட்டி. பெட்டிக்கு மேலே வெள்ளைக் காடாத்துணி சுற்றித் தைத்துவிடுவேன். என் மாமனார் காலத்தில் பார்சல் என்றால் அப்படித்தான், தையலின் மேல் அரக்கு முத்திரையும் இருக்கும். இப்போது யாரும் கேட்பதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெறும் அட்டைப் பெட்டி ஓரம் ஊறிப் பிளந்துவிடுகிறது, துணி அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

விலாசத்தை நேராகத் துணியில் மார்க்கரால் எழுதுகிறேன், பின்கோடு மட்டும் பெரிதாக. 1972இல் இருந்து இருக்கும் இந்த ஆறு இலக்கத்தில் முதல் மூன்றைப் பார்த்துத்தான் எந்த சார்ட்டிங் மாவட்டம் என்று பிரிக்கிறார்கள் (சென்னைக்கு 600), கடைசி மூன்று டெலிவரி செய்யும் தபால் நிலையம். வீடு மாறிய ஒரு வாடிக்கையாளர் புது விலாசமும் பழைய பின்கோடும் கொடுத்துவிட்டார். பார்சல் பழைய பேட்டைக்குப் போய்த் திரும்பி வர ஒரு நாள் அதிகமாயிற்று.

ஸ்பீடு போஸ்ட் 1986 ஆகஸ்ட் 1 முதல் இருக்கிறது. 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். அந்த அக்டோபர் 1 முதல் கட்டணம் மாறியதோடு, ஓ.டி.பி. சொன்னால்தான் பார்சலைக் கொடுப்பது என்ற வசதியும் வந்தது. அதற்குத் தனியாக ஐந்து ரூபாயும் வரியும். நான் ஒவ்வொரு உடுப்புக்கும் அதைக் கட்டுகிறேன். ஓ.டி.பி. சொல்லாமல் 'கொடுத்தாயிற்று' என்று யாரும் எழுத முடியாது, பக்கத்து வீட்டிலும் வைத்துவிட்டுப் போக முடியாது. தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு சொற்பம்தான் என்பதால் பட்டு உடுப்பென்றால் இன்சூரன்சும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆக, கோவை, பெங்களூரு மாதிரி பெரிய ஊருக்கு மூன்று நாள் இருந்தால் ஸ்பீடு போஸ்ட், மதியத்துக்குள். ஒரே நாள்தான் இருக்கிறது, அங்கே எடுத்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் பஸ், டிரைவர் நம்பரை வாங்கி அனுப்பிவிடுவேன். தெருமுனைக் கூரியரை டவுனுக்குள் இருக்கும் விலாசத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் அந்தப் பின்கோடுக்கு வீட்டு டெலிவரி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான். கிராமம் என்றால் யோசிப்பதே இல்லை, தபால்தான். எதில் போட்டாலும் அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் முன்னால் கைக்குப் போய்விட வேண்டும் என்று தைக்கும் தேதியையே முன்னால் இழுத்துவிட்டேன். போட்டுப் பார்த்து எங்காவது பிடித்தால் திருத்தவும் நேரம் வேண்டுமே.

தை மாதம் அந்தச் செங்கோட்டைப் பெண்ணுக்கே அரங்கேற்றம். மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. திங்கட்கிழமை மதியம் மயிலாப்பூரில் போட்டேன். வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு அவள் அம்மாவிடமிருந்து போன். தபால்காரர் வாசலில் நிற்க, போன் உள்ளே சார்ஜில் இருந்ததாம், ஓடிப்போய் எடுத்து நம்பர் சொல்லி வாங்கினாராம். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். "அக்கா, விசிறி அப்படியே நிக்குது. இந்த வெள்ளை நூலை இப்பவே உருவிடலாமா, இல்ல அன்னிக்குக் காலைலயா?"

அன்றைக்குக் காலையில் உருவினால் போதும் என்றேன்.