வண்டிக்கு ரேக் அடிக்கக் கொடுக்கிறீர்களா? மைக்காவுக்கு அடியில் என்ன பலகை என்று பாருங்கள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மரவேலை செய்கிறவர்கள் யாராவது வண்டிக்குள் ரேக்கும் நீளப் பெட்டியும் அடிக்கக் கொடுக்கிற யோசனையில் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், அது முடிகிற வரைக்கும் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆனால் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதற்குத் தடை இல்லை.

என்னுடையது மூடிய பாடி வைத்த டாடா ஏஸ், நம் ஊர்ப் பேச்சில் குட்டியானை. உளி, கொட்டாப்புளி, டிரில் மெஷின் எல்லாம் இரண்டு பெட்டியில் அடங்கிவிடும். தலைவலி கொடுப்பது நீளச் சாமான்கள். ஒட்டுகிற பலகையை இறுக்கிப் பிடிக்கும் ஆறடி சாஷ் கிளாம்ப், ஆறடி ரசமட்டம், ரம்பத்தை நேராக ஓட்ட வைக்கும் 1400 மில்லிமீட்டர் கைடு ரயில், எட்டடி அலுமினியச் சட்டம், அப்பா காலத்து நீள இழைப்புளி. இவற்றைத் தரையில் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒன்றின்மேல் ஒன்று விழும். ரசமட்டத்தின் மேல் கிளாம்ப் விழுந்தால் அதற்கப்புறம் அந்தக் குமிழியை நம்ப முடியாது. கைடு ரயில் அலுமினியம். ஒருமுறை வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், ஆனால் பழைய நேர்மை வராது. அதை வைத்து அறுத்த பலகையை ஜாயின்ட் போட்டால் நடுவில் வெளிச்சம் தெரியும்.

மரவேலைக்காரன் தன் வண்டிக்கு ஏன் வெளியில் கொடுத்தான் என்று கேட்பீர்கள். பலகை வேலை என்னுடையது, சரி. வண்டியின் சட்டத்தோடு சேர்த்து இரும்பு பிரேம் வெல்டிங் வைப்பது என் வேலை இல்லை. பலகையை நானே போட்டுக்கொள்கிறேன், பிரேம் மட்டும் செய்து கொடுங்கள் என்றுதான் முதலில் கேட்டேன். பட்டறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணாச்சி, பாதி வேலை நாங்க, பாதி வேலை நீங்கன்னா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேப்பிய? முழுசா குடுங்க, மரைன் பிளையில பண்ணித் தாரேன்” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பேசியது இது. ஒரு அங்குல ஸ்கொயர் டியூப், 16 கேஜ் (கேஜ் எண் கூடக்கூட இரும்பு மெல்லிசு). பலகை ஐ.எஸ். 710 மார்க் போட்ட மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை, இரண்டு பக்கமும் மைக்கா. எட்டடிச் சட்டத்துக்குத் தனியாகத் தகட்டுப் பெட்டி. மொத்தம் 38,000 ரூபாய், முன்பணம் 25,000. எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக இருக்கிறது.

அந்த எட்டடிச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. ஏஸ் தொட்டியின் நீளம் 2200 மில்லிமீட்டர். எட்டடி என்பது 2438. நேராகப் படுக்காது. ஆனால் பக்கச் சுவரில் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்குச் சாய்த்து மாட்டினால், பாடி ஐந்தடி உயரம் இருந்தாலே தாராளமாக அடங்கும். நான் கேட்டது அதைத்தான். பட்டறைக்காரர் முதலில் கேபின் பின்தகட்டில் ஒரு ஓட்டை போட்டு, சட்டத்தின் முனையைச் சீட்டுக்கு நடுவில் நீட்டிக்கொள்ளலாம் என்றார். ஒரு பிரேக் அடித்தால் அது ஈட்டி மாதிரி டிரைவர் பக்கம் வந்து நிற்கும், அவருக்குத் தெரியாதா என்ன. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை வெட்டுவதும் ஒட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் மாட்டும், எஃப்.சி.க்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். அப்படியானால் கூரைமேல் தகட்டுப் பெட்டி, பூட்டு வைத்து, மழைத் தண்ணீர் போகாமல் செய்து தருகிறோம் என்றார்கள். அதற்காகத்தான் விலையும் ஏறியது.

வண்டியை எடுக்கப் போன அன்று கூரைமேல் இருந்தது தகட்டுப் பெட்டி இல்லை. ஆறு அங்குல பிவிசி பைப், சாம்பல் பெயின்ட் அடித்தது. அதுவும் தண்ணீர் லைனுக்குப் போடும் கனமான பைப் இல்லை, கழிவுநீருக்குப் போடும் மெல்லிசு ரகம். “தகடு துரு புடிக்கும் அண்ணாச்சி, இதுதான் இப்ப எல்லாரும் போடுதாங்க” என்று பதில். பணத்தைக் குறைக்கச் சொன்னேன். குறைக்கவில்லை. மீதிப் பணம் கொடுத்தால்தான் சாவி என்று நின்றுவிட்டார்கள். மறுநாள் வள்ளியூரில் வேலை ஏற்றிருந்தேன், சாமான் எல்லாம் வண்டிக்குள்.

பைப் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. கனமான பைப்பைக் குறுக்கே நாலு இடத்தில் தாங்கி, மூடியைத் திருகாணி போட்டு நிறுத்தினால் நிற்கும். இவர்கள் இரண்டே இரண்டு கிளிப்தான் போட்டிருந்தார்கள். பிவிசி 60 டிகிரி சூட்டைத் தாண்டினால் இளகும். நம் ஊர் சித்திரை வெயிலில் கூரைத் தகட்டை ஒட்டிக் கிடக்கிற பைப்பின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நடுவில் தொய்ந்தது. தொய்ந்ததும் வாய் கோணியது, வெறுமனே அழுத்தி வைத்திருந்த மூடி இறுக்கம் விட்டது.

பணகுடி தாண்டி ஆனி, ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று தெற்கே போகிறவர்களுக்குத் தெரியும். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. அந்த நாலுவழிச் சாலையில் மூடி பறந்துவிட்டது. சட்டம் பாதி வெளியே வந்து தொங்குகிறது, எனக்குத் தெரியாது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து கையைக் காட்டிய பிறகுதான் ஓரம் கட்டினேன். பைக்கில் யாராவது பின்னால் வந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. வண்டியின் உடம்புக்கு வெளியே சாமான் நீட்டிக்கொண்டு போனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 20,000 ரூபாய் என்பது அப்புறம்.

அத்தோடு போயிருந்தால் பைப்பைக் கழற்றி வீசிவிட்டுப் போயிருப்பேன். கழற்றியபோதுதான் அடுத்தது தெரிந்தது. கிளிப்பை நிறுத்தக் கூரையில் ஓட்டை போட்டவர்கள் சிலிகான் வைக்கவில்லை, ரப்பர் வாஷரும் இல்லை. தென்காசியில் சாரல் காலத்தில் ஒரு வீட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது. சாரல் பெருமழை இல்லை, ஆனால் நாள் பூராவும் விடாது. அந்தத் தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கி ரேக் பலகையின் தலையில் ஊறியிருக்கிறது. மைக்கா அங்கங்கே கொப்புளம் கட்டியது. ஓரத்து எட்ஜ் பேண்டை உரித்தேன். உள்ளே இருந்தது மரைன் பிளையே இல்லை. கமர்ஷியல் பிளை, ஈரம் படாத இடத்துக்குப் போடும் மலிவு ரகம். விரலால் அடுக்கு அடுக்காகப் பிரிக்க முடிந்தது.

வெறும் பலகையாகக் காட்டியிருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பேன். 710 பிளையில் பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும், பீனால் பசை. கமர்ஷியலில் யூரியா பசை, வெளுத்திருக்கும். அதனால்தான் நான் போவதற்கு முன்னால் நாலு ஓரமும் அடைத்து வைத்திருந்தார்கள். மரைன் பிளைக்கு 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஐ. கணக்கு. நான் ஒரு துண்டை வெட்டி வீட்டில் பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அரிசி வேகிற நேரத்துக்கே அது தாங்கவில்லை. வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பிறகு ரேக் சரிந்தது. ஆலங்குளம் ரோட்டில் ஒரு வேகத்தடை, பெரிய வேகம்கூட இல்லை. சாஷ் கிளாம்ப் மாட்டியிருந்த பக்கம் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு கைடு ரயில் மேல் விழுந்தது. ரயில் வளைந்தது, ரசமட்டம் ஒன்று போயிற்று. பார்த்தால், பிரேம் வண்டியின் சட்டத்தில் போல்ட் நட்டு போட்டு நிற்கவே இல்லை. வெளித்தகட்டில் செல்ஃப் ஸ்க்ரூ. அந்தத் தகட்டில் ஸ்க்ரூவின் இரண்டு மரை பிடித்தால் அதிகம், ஓடுகிற வண்டியின் குலுக்கலில் அது எத்தனை நாள் நிற்கும்? டியூப்பும் 16 கேஜ் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம், தராசு போதும். ஒரு அங்குல டியூப் இருபதடி நீளம் 16 கேஜ் என்றால் 7 கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே நிற்கும். 20 கேஜ் என்றால் 4 கிலோ சுமார்தான். வெட்டிய முனையில் கனம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், எனக்கு வந்தது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

போய்க் கேட்டேன். “ஓவர் லோடு ஏத்திட்டு வந்து எங்களைச் சொன்னா எப்படி அண்ணாச்சி? நீங்க அத்தனை கிளாம்ப் மாட்டுவியன்னு நாங்க கண்டோமா?” கிளாம்ப் எத்தனை, என்ன எடை என்று அளவெடுத்தபோதே எழுதிக் கொடுத்தது அவர் மேசையிலேயே கிடந்தது. பில் கேட்டேன். பில் வேண்டுமென்றால் இன்னும் 18 சதவீதம் சேர்த்துக் கொடுங்கள் என்றார். அதாவது வாங்கும்போது வரி சேர்த்துப் பேசிய விலை, பில் கேட்டதும் வரி இல்லாத விலையாகிவிட்டது. அதற்கு மேல் அங்கே நின்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

பில் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று கூட வேலை செய்கிறவர்களே சொன்னார்கள். அப்படி இல்லை. பணம் போனது யுபிஐயில் இருக்கிறது, பேச்சு வாட்ஸ்அப்பில் இருக்கிறது, பலகைத் துண்டும் டியூப் துண்டும் என்னிடம் இருக்கிறது. இன்னொரு பயமும் காட்டினார்கள்: தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் ஆக மாட்டான் என்று. 2019 நுகர்வோர் சட்டத்திலேயே அதற்குப் பதில் உண்டு. சொந்தப் பிழைப்புக்காகத் தானே வேலை செய்கிறவன் தன் தொழிலுக்கு வாங்கினாலும் நுகர்வோர்தான். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன், பட்டறையிலிருந்து அசைவில்லை, வக்கீல் நோட்டீஸ் போனது, இப்போது மனு நிற்கிறது.

வண்டியை இப்போது பேட்டைப் பக்கம் ஒரு வெல்டர் சரிசெய்து கொடுத்திருக்கிறார். பலகை என்னுடையது, இரும்பு மட்டும் அவர். வெல்டிங் வைக்கும் முன், வண்டியின் மின்சாமான் கெட்டுப்போகாமல் இருக்கப் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினாரே, அப்போதே ஆளைப் பிடித்துவிட்டது. முதல் பட்டறையில் அதைக்கூடச் செய்யவில்லை. கிளாம்ப் எல்லாம் தரையை ஒட்டி, முனை முன்சுவரில் முட்டிக்கொண்டு கிடக்கிறது, பிரேக் அடித்தாலும் ஓட இடம் இல்லை. எட்டடிச் சட்டம் நான் முதலில் சொன்ன மாதிரியே சுவரில் சாய்வாக, மூன்று இடத்தில் தாங்கி நிற்கிறது. கைடு ரயிலுக்குக் கீழே எதுவும் இல்லை, மேலேயும் எதுவும் இல்லை.

எனக்கு முன்னாலும் பின்னாலும் அங்கே வண்டி விட்டவர்கள் இருப்பார்கள். மைக்கா கொப்புளம் கட்டியிருந்தால் ஒரு ஓரத்தை உரித்துப் பாருங்கள். பிளைத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், பணம் அனுப்பிய விவரத்தை எடுத்து வையுங்கள். இரண்டு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.