சுவர் ஓதத்துக்கு கோட்டிங் அடிக்க வருகிறவர்களிடம் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையில் மாடக்குளம் கண்மாய் பக்கம் இருக்கிறோம், மாமனார் 1996-இல் கட்டிய வீடு. போன கார்த்திகையில் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி தெரிந்தது. பீரோவை நகர்த்தினால் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பட்டுச்சேலை வைத்திருந்த அட்டைப்பெட்டி முழுக்கப் பூசணம். அத்தைக்கு வீசிங் உண்டு, படுப்பதும் அந்த அறையில்தான். பயந்துபோய் அவசரப்பட்டோம்.

தை பிறந்ததும் வாட்டர் புரூஃபிங் விளம்பரம் பார்த்து ஒருவரை வரச்சொன்னோம். இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டரைச் சுவரில் குத்தினார், அது கீச்சென்று கத்தியது. "கண்மாய் ஏரியாக்கா, நிலத்துத் தண்ணி சுவத்துல ஏறுது. கெமிக்கல் கோட்டிங் அடிச்சுட்டா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார். உப்புப் பூத்த சுவரில் அந்த மீட்டர் இருக்கிற ஈரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 38,500 ரூபாய் பேசி, அன்றைக்கே 25,000 ஜிபேயில் அனுப்பினேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறது, அதை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வேலைக்கு வந்த பையன் பூசணத்தைக் கழுவ பிளீச்சிங் பவுடரில் பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துவிட்டான். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. அத்தை இருமி இருமி மூச்சு வாங்கி, தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நடுங்குகிறது. யார் சொன்னாலும் இரண்டையும் கலக்க விடாதீர்கள். மறுநாளே, சுவர் காயாமலேயே, மேலே பட்டியும் கோட்டிங்கும் அடித்து மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று ஊர்க்கூட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தச் சுவரில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. விரலால் தொட்டதும் உடைந்து தண்ணீர் கசிந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியும் ஈரம், அதுவும் முன்பைவிட ஒரு அடி மேலே. முன்பக்கம் அடைத்துவிட்டதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறியிருக்கிறது. அவருக்கு ஒன்பது முறை போன் செய்தேன். பத்தாவது முறை எடுத்து, "உள்ளயிருந்து வர்ற ஈரத்துக்கு வாரண்டி கிடையாதும்மா, கார்டுலயே போட்டிருக்கு" என்றார். பார்த்தேன், பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் தெரிந்த பிளம்பர் ஒரு பெரியவரை வரச்சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "வெயில் காலத்துலயும் ஈரமா இருக்கா தாயி?" ஆமாம் என்றதும் நேரே பாத்ரூமுக்குப் போனார். ராத்திரி மாடி டேங்கை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைக்கச் சொன்னார். காலையில் பார்த்தால் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டு டைல்ஸை உடைத்ததும் சுவருக்குள் பழைய ஜி.ஐ. இரும்பு பைப்பின் எல்போ (வளைவு மூட்டு) துருப்பிடித்துச் சொட்டுவது தெரிந்தது. பைப் மாற்றி டைல்ஸ் ஒட்ட 4,600 ரூபாய், அவ்வளவுதான்.

அவர் சொன்னபடி கோட்டிங்கைச் சுரண்டி, பூச்சைச் செங்கல் தெரியுமளவுக்குக் கொத்திவிட்டு, ஃபேன் போட்டு ஒன்றரை மாதம் ஆற விட்டோம். நடுவில் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். சுவரை ஒட்டிய பக்கம் நீர் கோத்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது, அறைப் பக்கம் கோத்தால் அது காற்றில் உள்ள ஈரம். மூன்றாவது முறை இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது, அதற்குப் பிறகுதான் பூசினோம்.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் சதுர அடிக்கு ரேட் சொன்னால், வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். வாரண்டி கார்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, கார்டு, உப்பிய சுவரின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.