தண்டவாளம் பக்கத்தில் வாடகை வீடா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று மாத வாடகை. இரண்டு மாதம் அட்வான்ஸ், ஒரு மாதம் தரகு. வீடு தேடித் தரும் ஒரு செயலி, அது "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை டிக் போட்டுக் கொடுத்த ஒரு புரோக்கர், "அமைதியான சிற்றூர், நிம்மதியான தூக்கம்" என்ற விளம்பரம். இரவு ரயில் சத்தத்தில் தூங்க முடியாத ஒரு வீட்டுக்காக மூன்றும் சேர்ந்து விழுங்கிய தொகை இது. பெயர் போட்டால் பதிவைத் தூக்கிவிடுவார்கள் என்பதால் போடவில்லை. இந்த வித்தை ஒரு செயலியோடு நிற்பதும் இல்லை.

முதலில் படங்கள். இருபதுக்கு மேல் படம், ஒன்றுகூடப் பின்பக்க ஜன்னலிலிருந்து எடுத்தது இல்லை. வரைபடத்தில் வீடு இருக்கும் புள்ளிக்குப் பதிலாக ஒரு பெரிய வட்டம், "தனியுரிமைக்காக" என்று விளக்கம். அந்த வட்டத்தின் நடுவே ஒரு பூங்கா, தண்டவாளம் வட்டத்துக்கு வெளியே. பக்கத்திலேயே "அமைதி மதிப்பெண்: பத்துக்கு ஒன்பது".

புரோக்கர் வீட்டைக் காட்டியது நண்பகலுக்குச் சற்று முன்பு. பின்னால் தண்டவாளம் தெரிகிறதே என்று கேட்டதற்கு வந்த பதிலைக் கவனியுங்கள். "அதுவா சார், பழைய லைன். நாளைக்கு ரெண்டு பாசஞ்சர் போகும், அவ்வளவுதான். வேணும்னா நீங்களே பாருங்க" என்று தன் போனில் ரயில் கால அட்டவணையைத் திறந்து நீட்டினார். இரண்டே வண்டிகள், இரண்டும் பகலில். நம்பிக்கை வந்த இடம் இதுதான். அவர் காட்டிய அட்டவணையில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சரக்கு வண்டிகள் பயணிகள் அட்டவணையில் வராது என்பதுதான் விஷயம். அதை அவர் சொல்லவில்லை. அந்த ஊரிலேயே தொழில் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் ஒரே பாதையில் ஓடும் ஊர்களில் பகல் நேரம் பெரும்பாலும் பயணிகள் வண்டிக்குப் போய்விடும், சரக்குக்கு இரவுதான் மிச்சம். அதனால் பகலில் போய் நின்று பார்த்துவிட்டு "சத்தமே இல்லையே" என்று சொல்வதற்கு மதிப்பே கிடையாது. "பழைய லைன்" என்றால் தண்டவாளத்தின் மேல்முகத்தைப் பாருங்கள். ஓடாத பாதையில் துருப் படியும், ஓடும் பாதை கண்ணாடி மாதிரி பளபளக்கும். தள்ளி நின்று பார்த்தாலே தெரியும், தண்டவாளத்தில் ஏற வேண்டாம். துரு இருந்தாலும் முழுசாக நம்பாதீர்கள்: அறுவடைக் காலத்தில் மட்டும் தானியம் ஏற்றும் பாதைகள் உண்டு.

அடுத்தது ஹாரன். "தண்டவாளம் அரை கிலோமீட்டர் தள்ளி" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம், லெவல் கிராசிங் (ரயில்வே கேட்) எங்கே என்று கேளுங்கள். ஓட்டுநர் ஹாரன் அடிப்பது கேட்டில் அல்ல, அதற்கு வெகு முன்பே. இந்திய அகலப்பாதையில் கேட்டுக்கு 600 மீட்டர் முன்னாலேயே, ஹாரன் அடிக்கச் சொல்லும் விசில் பலகை நட்டிருப்பார்கள். அமெரிக்காவில் கேட்டை அடையும் முன் 15 முதல் 20 நொடி, இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம் என்று அடிக்க வேண்டும். எஞ்சினுக்கு 100 அடி முன்னால் அந்தச் சத்தம் 96 முதல் 110 டெசிபெல் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. உள்ளூர் நிர்வாகம் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து "அமைதி மண்டலம்" பெற்றிருந்தால் மட்டும் வழக்கமான ஹாரன் இல்லை. பிரிட்டனில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை விசில் பலகைக்காக ஹாரன் அடிப்பதில்லை, ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. ஆகவே எந்த நாடு, எந்த கேட், பலகை எங்கே என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தூரத்தை மட்டும் அளந்து பயனில்லை. ஒரு ஊரில் அடுத்தடுத்து நான்கு கேட் இருந்தால் ஊர் முழுக்க ஒரே ஹாரன்தான்.

ஹாரன் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபெல் குறையும். 30 மீட்டரில் 100 என்றால் 120 மீட்டரில் 88, 480 மீட்டரில் 76. சாதாரண ஜன்னலை இறுக மூடினால் சுமார் 25 கழியும், திறந்திருந்தால் 10, 15 கழிந்தாலே பெரிது. இது காகிதக் கணக்கு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருக்கும். அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். பகலில் காதில் விழாத தொலைவு வண்டி இரவில் வாசலில் நிற்பதுபோல் கேட்பது இதனால்தான். நடுவே நாலு மரம் இருக்கிறது என்பார்கள். ஒரு வரிசை மரம் கண்ணுக்குத்தான் மறைப்பு, காதுக்கு இல்லை.

இப்போது அந்த "அமைதி மதிப்பெண்" மோசடி. சராசரிச் சத்தத்தை வைத்துப் போடும் மதிப்பெண் அது. இரவு எட்டு மணி நேரமும் நிசப்தம், ஒரே ஒரு தடவை 80 டெசிபெலில் 20 நொடி ஹாரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரச் சராசரி 48-தான் வரும். தாளில் அழகாக இருக்கும், ஆனால் அந்த 20 நொடியில் வீடே எழுந்து உட்கார்ந்திருக்கும். அந்த 48-கூட, உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காகப் பரிந்துரைத்த ரயில் சத்தத்தின் இரவுச் சராசரி வரம்பான 44-ஐத் தாண்டிவிட்டது. செயலிக்காரர்களைக் கேட்டதற்கு, மதிப்பெண்ணில் சாலைச் சத்தம் மட்டும்தான் சேர்த்தி, ரயில் கணக்கிலேயே இல்லை என்று பிறகு சொன்னார்கள். பிறகு!

ஹாரனை விட மோசமானது ஒற்றைப் பாதை ஊரின் லூப் லைன், அதாவது ஸ்டேஷனில் வண்டியை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடம். எதிரெதிர் வண்டிகள் ஸ்டேஷனில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும் என்பதால் சரக்கு வண்டியை லூப்பில் ஒதுக்கிவிடுவார்கள். டீசல் எஞ்சின் அணைக்காமல் உறுமிக்கொண்டே நிற்கும். அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணை ஜன்னல் கண்ணாடி சரியாகத் தடுக்காது. புறப்படும்போது பிரேக் காற்று விடும் சத்தம், பிறகு இணைப்புகளின் தளர்வு இழுபட்டு முதல் வேகனிலிருந்து கடைசி வரை ஓடும் "டம டம டம". ஸ்டேஷன் அருகே பாயிண்ட் (வண்டி தடம் மாறும் இடம்) இருந்தால் ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியில் ஒரு அடி அடித்துவிட்டுத்தான் போகும். தேய்ந்து தட்டையான சக்கரம் ஒன்று இருந்தாலே வண்டி முழுக்கச் சுத்தியல் சத்தம். கூர்மையான வளைவு என்றால் கீச்சிடல். ஜல்லி இல்லாத இரும்புப் பாலம் என்றால் வேறு விளக்கமே வேண்டாம்.

இனி, புகார் சொன்ன பிறகு நடந்தது. புரோக்கர்: "ஒரு வாரத்துல பழகிடும் சார், எங்களுக்கெல்லாம் பழகலையா?" வீட்டுக்காரர்: "டபுள் கண்ணாடி போட்டுக்கோங்க, உங்க செலவுல." குளிருக்காகச் செய்யும், 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்ட ஒரே தடிமனான இரட்டைக் கண்ணாடி, ரயிலின் தாழ்ந்த ஒலிக்கு ஒற்றைக் கண்ணாடியை விட அதிகம் உதவாது. உதவ வேண்டுமானால் உட்புறம் தனிச் சட்டத்தில், 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளியில், வேறு தடிமனில், நடுவே படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி வேண்டும். சட்டத்தைச் சுற்றி ஒரு இழை ஓட்டை இருந்தாலும் போச்சு, காற்றுக்காகத் திறந்தாலும் போச்சு. மண் வழியாக வரும் அதிர்வுக்கு எந்தக் கண்ணாடியும் பதில் இல்லை. வாடகை வீட்டில் இதையெல்லாம் சொந்தச் செலவில் செய்ய வேண்டுமாம்.

செயலியின் வாடிக்கையாளர் சேவை இன்னும் அழகு. முதலில் இயந்திரப் பதில். அப்புறம் "விளம்பர உள்ளடக்கத்துக்கு உரிமையாளரே பொறுப்பு, நாங்கள் வெறும் தளம்". அப்புறம் "சத்தம் என்பது தனிப்பட்ட உணர்வு". கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு, சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் கேட்டு ஒரு செய்தி. என்ன தீர்ந்தது? மூன்று மாத வாடகை அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் "நேரில் பார்த்து, உள்ளபடி ஏற்றுக்கொண்டேன்" என்ற வரியைக் காட்டியே அட்வான்ஸை மறுக்கிறார்கள். தரகு எப்படியும் திரும்பாதாம்.

விரிவாக எழுதத்தான் நினைத்தது, இப்போதைக்கு இவ்வளவுதான். இரவு 2 முதல் 5 வரை அந்தத் தெருவில் இருந்து பாருங்கள், முடிந்தால் அருகில் தங்கி, வார நாள் ஒன்று, வார இறுதி ஒன்று. போனில் ஒலிமானி வைத்தால் சராசரியைப் பார்க்காதீர்கள், உச்சத்தைப் பாருங்கள். போன் அளவு துல்லியமில்லை, வீட்டுக்கு வீடு ஒப்பிட மட்டும் போதும். செயற்கைக்கோள் படத்தில் கேட், பாயிண்ட், லூப், வளைவு, பாலம் ஐந்தையும் தேடுங்கள். புரோக்கரிடம் கேட்காமல் கேட் கீப்பரிடமோ இரவுக் காவலரிடமோ "சரக்கு வண்டி ராத்திரி எத்தனை?" என்று கேளுங்கள். படுக்கையறை தண்டவாளத்தைப் பார்க்காத மறுபக்கம் இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். "இரவு ரயில் போக்குவரத்து இல்லை" என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வரி இல்லாமல் "உள்ளபடி ஏற்றுக்கொண்டேன்" என்பதில் கையெழுத்து வேண்டாம், ஒரு நாள் வாடகைகூட முன்னால் கொடுக்க வேண்டாம்.