ஓயிவாவும் ஒகிகுவும்: இரண்டு ஜப்பானிய ஆவிக் கதைகள்

ஜப்பானிய ஆவிக் கதைகளில் பெரும்புகழ் பெற்ற ஓயிவா, ஒகிகு இருவருமே வஞ்சிக்கப்பட்டு மாண்டவர்கள். ஆயினும் மரணத்துக்குப் பின் அவர்கள் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. 1825இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் அரங்கேறிய கபுகி எனும் ஜப்பானிய மரபு நாடகத்தால் பெயர்பெற்ற ஓயிவா, மருந்தென்று நம்பி அருந்திய நஞ்சால் முகம் சிதைந்து, தலைவாரும்போது முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்துவிட, உயிர்விட்டபின் தன்னை வஞ்சித்த கணவன் இயெமோனை விடாது துரத்துகிறாள். எரியும் காகித விளக்கிலும் அவனுக்கு அவள் முகமே தெரிகிறது. இக்கதையில் நடிப்பவர்கள் டோக்கியோவின் யோட்சுயாவில் உள்ள அவளது ஆலயத்தில் முன்னதாக வழிபடும் வழக்கம் உண்டு.

பணிப்பெண்ணான ஒகிகு அவ்வாறு துரத்துபவள் அல்லள். பத்துத் தட்டுகளில் ஒன்றைத் தொலைத்ததாகப் பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட அவள், இரவுதோறும் கிணற்றிலிருந்து ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணி, பத்தாவதைக் காணாமல் அழுகிறாள். மறைந்திருந்த ஒருவர் உரக்கப் "பத்து" என்றதும் அவள் அடங்கினாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஹிமேஜி கோட்டையில் அவள் பெயரால் ஒரு கிணறு இன்றும் உள்ளது. கைகள் பின்னால் கட்டப்பட்ட பெண்ணைப் போலத் தோன்றும் வண்ணத்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றுக்கும் அவள் பெயரே வழங்குகிறது.

ஆண்டையின் சொல்லுக்கு எதிரே பணிப்பெண்ணின் சொல் எடுபடாத கொடுமையை நேராகக் காட்டுவதால், ஒகிகுவின் கதையையே நான் மேலாக மதிக்கிறேன். திகிலை நாடுவோருக்கு ஓயிவாவின் கதையே பொருந்தும்.