பாஸ் இருந்தது, இருக்கை இல்லை: ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

2025 மே மாதக் கடைசியில், நானும் என் மனைவியும், 14 வயது மகளும், 9 வயது மகனும், 67 வயதான என் அம்மாவும் பாரிஸில் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், பிறகு மிலான், வெனிஸ் என்று முழுக்க ரயிலிலேயே பயணம் செய்தோம். விமானச் சீட்டுகளை நாங்களே எடுத்துக்கொண்டு, யூரெயில் என்ற ரயில் பாஸ், இருக்கை முன்பதிவு, விடுதிகள் ஆகியவற்றை மட்டும் சென்னையிலுள்ள ஒரு பயண முகவரிடம் ஒப்படைத்திருந்தோம். அவர் வாங்காத இருக்கைகளை வாங்கிவிட்டதாகத் தாள் கொடுத்தார். இலவசமாகக் கிடைக்கும் சிறுவர் பாஸுக்குப் பெரியவர் கட்டணத்தை வசூலித்தார். வருமான வரித் துறைக்குச் செலுத்துவதாகச் சொல்லி வாங்கிய தொகையை எங்கள் கணக்கில் செலுத்தவில்லை. இது தொடர்பான புகார் இப்போது நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அவருடைய பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அவர் செய்த முறையை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தொகுப்புக்கு அவர் சொன்ன விலை 6,40,000 ரூபாய். அதற்கு மேல், விற்பவரே வசூலித்து வருமான வரித் துறைக்கு நம் பெயரில் செலுத்த வேண்டிய டி.சி.எஸ். வரி, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு அப்போது இருந்தபடி 5 விழுக்காடு, அதாவது 32,000 ரூபாய். பிப்ரவரியிலேயே முழுத்தொகையையும் வங்கி மூலம் அனுப்பிவிட்டோம். ஏப்ரல் மாதம் வாட்ஸ்அப்பில் நான்கு பக்கக் கோப்பு ஒன்று வந்தது. அதில் ஒவ்வொரு ரயிலின் எண், புறப்படும் நேரம், பெட்டி எண், எங்கள் ஐந்து பேருக்கும் அடுத்தடுத்த இருக்கை எண்கள் எல்லாம் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. "எல்லாம் கன்ஃபார்ம் சார், அம்மாவுக்கு ஜன்னல் சீட்டே போட்டுட்டேன்" என்று தொலைபேசியிலும் சொன்னார். நம் ஊர் ரயிலில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பழகிய மனம், அந்தத் தாளையும் அப்படியே நம்பியது. நம் ஊரில் பி.என்.ஆர். எண்ணை ஒருமுறையாவது தட்டிப் பார்ப்போம். அந்தத் தாளில் அப்படி ஓர் எண்ணே இல்லை என்பதை நான் கவனிக்காமல் விட்டதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வழி திறந்தது.

இந்த இடத்தில் யூரெயில் பாஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடந்தது இந்த இடைவெளியில்தான். ஐரோப்பாவில் வசிக்காதவர்கள் வாங்கக்கூடிய இந்தப் பாஸ் 33 நாடுகளின் ரயில்களில் பயணம் செய்யும் உரிமையைத் தருகிறதே தவிர, இருக்கையைத் தருவதில்லை. ஜெர்மனியின் ஐ.சி.இ. ரயில்களிலும், சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களிலும் முன்பதிவு கட்டாயமில்லை. பாஸுடன் ஏறி, காலியாக உள்ள இடத்தில் உட்காரலாம். ஆனால் பிரான்சின் டி.ஜி.வி., பாரிஸையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்கும் லிரியா, லண்டனுக்குப் போகும் யூரோஸ்டார், இத்தாலியின் ஃபிரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் தனியே பணம் கட்டி இருக்கை பதிவு செய்திருக்க வேண்டும். லிரியா, யூரோஸ்டார் ரயில்களில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று ஒதுக்கப்படும் இடங்களும் குறைவு. அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால், ரயிலில் வேறு இடங்கள் காலியாக இருந்தாலும் முழுக் கட்டணச் சீட்டுதான் வாங்க வேண்டியிருக்கும். இத்தாலியின் இத்தாலோ, பிரான்சின் மலிவு ரயிலான உய்கோ ஆகிய இரண்டிலும் இந்தப் பாஸ் செல்லாது. இவையெல்லாம் ஒளிவுமறைவான விதிகள் அல்ல. பாஸ் விற்பவர்களே வெளிப்படையாகச் சொல்பவை. அதை விற்றுப் பிழைக்கும் முகவருக்கு இவை தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மே 29, வியாழக்கிழமை. அன்று ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. பிரான்சில் அரசு விடுமுறை. வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுத்து நான்கு நாள் தொடர் விடுமுறையாக்கிக்கொள்வது அங்கே வழக்கம் என்பதால், காலை ஏழு மணிக்கே பாரிஸின் கார் து லியோன் நிலையம் மக்களால் நிறைந்திருந்தது. இன்டர்லாக்கன் போக நாங்கள் முதலில் ஏற வேண்டியது, சுவிட்சர்லாந்தின் எல்லை நகரமான பாசெல் செல்லும் லிரியா ரயில். அதற்கான நடைமேடைக்கு முன்னால் தடுப்புக் கதவுகள் இருந்தன. எல்லோரும் சீட்டிலுள்ள கட்டக் குறியீட்டைக் காட்டிக் கடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தாளில் குறியீடு ஏதும் இல்லாததால் அருகில் நின்ற ஊழியரிடம் காட்டினோம். அவர் நான்கு பக்கங்களையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதிவுக் குறியீடு எங்கே என்று கேட்டார். ஆறு எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்தக் குறியீடு இல்லாமல் எந்த இருக்கையும் இல்லை என்றும், நாங்கள் காட்டுவது ஒருவர் தட்டச்சு செய்த பயணத் திட்டம் மட்டுமே என்றும் சொன்னார். தன் கையிலிருந்த கருவியில் எங்கள் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினார், ஒன்றும் வரவில்லை. தாளில் எங்களுக்கென்று எழுதியிருந்த அதே இருக்கைகளில் வேறு யாரோ உட்கார்ந்து அந்த ரயில் புறப்பட்டுப் போனது.

அப்போது சென்னையில் காலை பதினொரு மணி. முகவரின் அலுவலகம் திறந்திருக்கும் நேரம். இரண்டு அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. மூன்றாவது அழைப்பில், "அடுத்த ரயில்ல ஏறி உட்காருங்க சார், செக்கர் வந்தா பாஸைக் காட்டுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு ஏறியிருந்தால் ஐந்து பேருக்கும் ரயிலிலேயே பணம் கட்ட வேண்டி வந்திருக்கும் என்பதை அந்த ஊழியர்தான் எங்களுக்கு விளக்கினார். அதன் பிறகு மாலை வரை முகவரின் தொலைபேசி அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்கும் மறுநாளைக்கும் பாஸ் ஒதுக்கீடு தீர்ந்திருந்தது. முழுக் கட்டணச் சீட்டுக்குக் கேட்ட விலையை ஐந்து பேருக்கும் கொடுத்தால் மீதிப் பயணத்துக்குப் பணம் போதாது. இன்டர்லாக்கனில் அன்றிரவுக்கான விடுதிப் பணமோ திரும்பக் கிடைக்காத வகையில் கட்டப்பட்டிருந்தது. அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்து, "நாம திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டார்.

எங்களைக் காப்பாற்றியது டி.இ.ஆர். எனப்படும் பிரான்சின் வட்டார ரயில்கள். அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை, பாஸ் செல்லும். ஊழியர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தபடி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள பெர்சி நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து திஜோன் வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம், திஜோனிலிருந்து பெசான்சோன் வழியாகப் பெல்ஃபோர், அங்கே இறங்கி மூலூஸ், மூலூஸில் மாறிப் பாசெல் என்று சென்றோம். நேர் ரயிலில் மூன்று மணி நேரத்தில் சென்றிருக்க வேண்டிய பாசெலை அடைய, காத்திருந்த நேரத்தையும் சேர்த்து, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஆனது. விடுமுறை நாள் என்பதால் ரயில்களும் குறைவு. திஜோன் நிலையத்தில் வெகுநேரம் காத்திருந்தோம். மூட்டு வலி உள்ள அம்மா நான்கு முறை ரயில் மாறி, படியேறி இறங்கினார். இன்டர்லாக்கன் விடுதியை அடைந்தபோது இரவு பத்தரை மணி. ஒரு முழு நாளும், அந்த நாளில் பார்க்க எண்ணியிருந்த துன் ஏரியும் போயின. அந்த நாளுக்கு விலை போட்டு அவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இரண்டாவது மோசடி வெளிப்பட்டதும் அந்தப் பயணத்தில்தான். பெல்ஃபோர் செல்லும் ரயிலில் பாஸைப் பரிசோதித்த பெண்மணி, என் மகனின் பாஸைப் பார்த்துச் சிரித்து, "இவருக்கு இலவசப் பயணம், கொடுத்து வைத்தவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் புரியாமல் விழிக்க, என் மனைவி அன்றிரவே விதிகளை எடுத்துப் படித்தார். 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் பாஸ் இலவசம். ஒரு பெரியவருடன் இரண்டு பிள்ளைகள் வரை அப்படிச் செல்லலாம். 12 முதல் 27 வயதினருக்கு 25 விழுக்காடு வரை கழிவு உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு 10 விழுக்காடு. எங்கள் கைப்பேசியிலிருந்த பாஸ்கள் சரியான வகைகளிலேயே எடுக்கப்பட்டிருந்தன: மகனுக்குச் சிறுவர், மகளுக்கு இளையோர், அம்மாவுக்கு மூத்தோர். ஆனால் முகவர் கொடுத்த பட்டியலில் ஐந்துக்கும் ஒரே பெரியவர் விலை போடப்பட்டிருந்தது. ஆகவே அறியாமையால் நேர்ந்த பிழை என்று அவர் சொல்ல வழியில்லை. பாஸை எடுத்தபோது எல்லா வயதையும் சரியாகக் குறிப்பிட்டவர், எங்களிடம் பணம் வாங்கியபோது அந்த வயதுகளை மறைத்தார்.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3454 மீட்டர் உயரத்திலுள்ள யூங்ஃபிராவுயோக் செல்லும் மலை ரயில் "பாஸிலேயே அடங்கும்" என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். உண்மையில் அங்கே பாஸுக்கு 25 விழுக்காடு கழிவு மட்டுமே உண்டு. பெரியவர்கள் கீழேயே இருந்துகொண்டு பிள்ளைகளை மட்டும் அனுப்ப மனம் வராமல், எல்லோருமே போகாமல் விட்டோம். இன்டர்லாக்கனிலிருந்து மிலான் செல்லும் வழியில் எல்லை கடக்கும் ரயிலுக்கு முன்பதிவு கட்டாயம் என்பதால், நிலையத்தின் பயணச்சீட்டு முகப்பில் நாங்களே பணம் கட்டிப் பதிவு செய்தோம். மிலானிலிருந்து வெனிஸுக்கு வெரோனாவில் மாறிச் செல்லும் வட்டார ரயில்களில் சென்றோம். தாளில் எழுதியிருந்த ஃபிரெச்சாரோசா இருக்கைகளும் பொய்யாகவே இருந்தன.

ஊர் திரும்பியதும் அவரைப் பார்த்துப் பேசினோம். திருவிழாக் கூட்டத்தால் ரயில் நிறுவனம் பதிவை ரத்து செய்துவிட்டது என்று முதலில் சொன்னார். ரத்து செய்த மின்னஞ்சலைக் காட்டச் சொன்னபோது பேச்சை மாற்றினார். பதிவுக்குப் பணம் கட்டிய ரசீதைக் கேட்டபோது, அலுவலகக் கணினி பழுது என்றார். அந்த நாள்களில் என் தணிக்கையாளர் எதேச்சையாக ஒரு கேள்வி கேட்டார்: கட்டிய டி.சி.எஸ். தொகை, உங்கள் பெயரில் செலுத்தப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏ.எஸ். படிவத்தில் வந்திருக்கிறதா? பார்த்தோம், இல்லை. நாங்கள் பணம் கட்டிய நான்காம் காலாண்டுக்கான டி.சி.எஸ். கணக்கை முகவர் தாக்கல் செய்யும் கெடு மே 15-இலேயே முடிந்துவிட்டிருந்தது. வருமான வரிக் கணக்கில் நான் கழித்துக்கொள்ளக்கூடிய 32,000 ரூபாய் அது. வழக்கறிஞர் அறிவிப்பு சென்ற பிறகு, மகனின் பாஸுக்கு வாங்கிய தொகையை மட்டும் எந்தக் குறிப்பும் இல்லாமல் என் வங்கிக் கணக்கில் போட்டார். மற்றவற்றுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்தக் கோடையில் இதே போன்ற பயணத்துக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் தயவுசெய்து இன்றே உங்கள் முகவரிடம் ஒவ்வோர் அதிவேக ரயிலுக்குமான பதிவுக் குறியீட்டைக் கேளுங்கள். குறியீடு கிடைத்ததும் அந்தந்த ரயில் நிறுவனத்தின் செயலியில் உங்கள் குடும்பப் பெயருடன் அதைப் போட்டுப் பாருங்கள். பெட்டியும் இருக்கையும் அங்கே தெரிய வேண்டும், முகவரின் தாளில் தெரிந்தால் போதாது. புறப்படும் வாரத்தில் கொடுக்கிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் அதற்குள் ஒதுக்கீடு தீர்ந்துவிடும்; பயண நாள் அங்கே பொது விடுமுறையா என்பதையும் நாள்காட்டியில் பார்த்துவிடுங்கள். பாஸின் விலைப் பட்டியலை வயதுவாரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். முடிந்தால் கடன் அட்டையில் கட்டுங்கள். சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட அதில் வழி உண்டு, நாங்கள் நேரடியாகப் பணம் அனுப்பியதால் அந்த வழி எங்களுக்கு இல்லாமல் போனது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். அதில் தீராதபோது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம்; செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும், பொய் இருக்கை எண்கள் உள்ள அந்த நான்கு பக்கத் தாளையும், வங்கிப் பரிமாற்றச் சான்றையும், 26ஏ.எஸ். படிவத்தையும், மே 29 அன்று பெர்சியிலிருந்து பாசெல் வரை நாங்கள் ஏறிய நான்கு ரயில்களும் பதிவாகியிருக்கும் பாஸின் பயண விவரத்தையும் மனுவுடன் இணைத்திருக்கிறோம். எதிர்த்தரப்பு இன்னும் தன் பதிலைத் தாக்கல் செய்யவில்லை.