துவாஸா, உட்லண்ட்ஸா? காய்கறி லோரி ஓட்டுபவனின் அனுபவம்

ஜொகூரில் கூலாய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போவது என் வேலை. 19 வருடமாக இதே ஓட்டம்தான். வாரத்தில் ஆறு இரவு எல்லையைத் தாண்டுகிறேன். புதிதாக லோரி ஏறும் தம்பிகள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, எந்தப் பக்கம் போறது நல்லது? கஸ்டம்ஸ்ல எப்படி நடத்துவாங்க?"

ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குள் போக இரண்டு பாலம் இருக்கிறது, ஒன்று உட்லண்ட்ஸில் இறங்கும், இன்னொன்று துவாஸில். என்னைக் கேட்டால் துவாஸ். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

உட்லண்ட்ஸ் பாலம் 1924-இல் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். அதிகாலையிலேயே வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள், ஆலை பஸ், கார், நம் லோரி எல்லாம் அதே பாலத்தில்தான். பள்ளி விடுமுறையோ பெருநாளோ வந்தால் கேட்கவே வேண்டாம். கீரைக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது. கங்கோங் கீரை இலை ஓரம் கறுத்துவிட்டால் சந்தையில் தவுக்கே, அதாவது முதலாளி, கூடையைத் தொட்டே பார்க்க மாட்டார். துவாஸுக்குப் போகும் இரண்டாம் இணைப்பு 1998-இல் திறந்தது, 1,920 மீட்டர். செனாயிலிருந்து லிங்கெடுவா நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேராகப் பாலம். அந்தப் பக்கம் இறங்கியதும் ஆயர் ராஜா விரைவுச்சாலை, அதிலேயே பாசிர் பாஞ்சாங். டோல் கூடத்தான், ஆனால் சரக்கு பிழைக்கும்.

சிங்கப்பூர்ப் பக்கம் கடப்பிதழ் பார்ப்பவர், சரக்கு பார்ப்பவர் எல்லாரும் ஒரே ஆணையத்துக்காரர்கள். 2003-இல் குடிநுழைவையும் எல்லையில் இருந்த சுங்கச் சோதனை வேலையையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். நாம் பேச்சில் "கஸ்டம்ஸ்" என்று சொல்வது பெரும்பாலும் இவர்களைத்தான். கடப்பிதழ், சரக்குக்கான இறக்குமதி பெர்மிட் இரண்டையும் நீட்ட வேண்டும். போகச் சொன்னால் போகலாம். ஸ்கேனருக்குத் திருப்பினால் வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். சில நாள் கதவைத் திறந்து கூடை கூடையாக எண்ணுவார்கள். முதல் வருடம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் காய்கறிப் பெட்டிகளுக்கு அடியில் சிகரெட் மறைத்துப் பிடிபட்ட செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது! வண்டியையே பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏய்த்த வரியைப் போல 40 மடங்கு வரை அபராதம் போடலாம், சிறையும் உண்டு. இத்தனையும் முதலில் யார் தலையில் விழும்? ஓட்டுநர் தலையில். சரக்கு ஏற்றியவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

எனக்கே அப்படி ஒரு இரவு நடந்தது. அப்போது வேறு ஒரு கம்பெனியில் ஓட்டிக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். நல்ல மழை. துவாஸில் என் வண்டியைச் சோதனைக்குத் திருப்பினார்கள். வந்தவர் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி, என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். கையில் டார்ச், காலில் ரப்பர் பூட்ஸ். பெர்மிட்டில் 240 கூடை. அவர் எண்ணினால் 252 வருகிறது. இன்னொரு தடவை எண்ணினார், அதே 252. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. கடைசி நேரத்தில் கிடங்கில் யாரோ 12 கூடை கீரையைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது, பெர்மிட் எடுத்துத் தரும் ஏஜெண்டுக்கும் சொல்லவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. கூடுதல் கூடைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் கையை அடிவரை விட்டுப் பார்த்தார். கீரைத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. எல்லாம் வெறும் கீரைதான். அப்புறம் என்னைப் பார்த்து, "அங்கிள், ஏத்தும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா? கதவை மூடுறதுக்கு முன்னாடி எண்ணுனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். "ஏஜெண்ட் பெர்மிட்டைச் சரி பண்ற வரைக்கும் வண்டி போகாது. நேரம் ஆகும், நீங்க அந்த நிழற்கூரைக்கு அடியில உட்காருங்க" என்றார். விடிந்துதான் வண்டியை விட்டார்கள். அன்றைய சந்தை போயிற்று. கம்பெனியில் என் சம்பளத்தில்தான் கைவைத்தார்கள், அடுத்த மாதமே அங்கிருந்து விலகிவிட்டேன். ஆனால் அந்த அதிகாரி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏன் நிறுத்துகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், நான் என்ன செய்ய வேண்டும், மூன்றையும் வாய் திறந்து சொன்னார். லோரிக்காரனுக்கு அவ்வளவு போதும். நாலரை மதிப்பெண்ணில் பாதி அவருக்காகத்தான்.

இன்னொரு இடத்தில், எந்த நாடு எந்தச் சாவடி என்று எழுதவில்லை, ஒருவர் என் தாள்களைக் கவுண்டருக்கு வெளியே வீசினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்க்க, குனிந்து பொறுக்கினேன். தாளில் ஒரு பிழையும் இல்லை, மேல்தாளைக் கீழே வைத்துக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். வண்டியைச் சோதிப்பது அவர்கள் கடமை, நாள் முழுக்கச் சோதிக்கட்டும். தாளைக் கையில் கொடுக்கலாம் அல்லவா? இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று பல வருடமாக மனதில் இருந்தது.

கொரோனாவால் மலேசியாவில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சரக்கு லோரிகள் மட்டும் ஓடின. பாலத்தில் முன்னும் பின்னும் ஒரு கார் கிடையாது. முகக்கவசம், கையுறையோடு எங்கள் தாள்களை வாங்கியவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அந்த மாதங்களில் ஒருவர்கூட என்னிடம் முகம் சுளித்ததில்லை. "பத்திரமா போங்க" என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டு.

தம்பிகளுக்கு: கூடையை நீங்களே எண்ணுங்கள். பெர்மிட் எண்ணோடு சேராவிட்டால் கிடங்கிலிருந்தே வண்டியை எடுக்காதீர்கள், தவுக்கே கத்தினாலும் சரி. கதவை மூடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான் ஒரு சின்ன நோட்டில் தேதி, கூடை, ஏற்றியவர் கையெழுத்து மூன்றும் வைத்திருக்கிறேன். இதுவரை நாலு நோட்டு முடிந்துவிட்டது. அப்புறம் சட்டைப்பையைப் பாருங்கள். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, பாதி குடித்த பாக்கெட் ஆனாலும் நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும். வேப் என்கிற மின்சிகரெட்டைக் கொண்டு போகவே கூடாது, 2018-இலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். இருக்கைக்கு அடியில் நண்பன் மறந்துவிட்டுப் போனது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

திரும்பும்போது காலி வண்டிதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், காலி வண்டியையும் பார்ப்பார்கள். கூடைகளை அடுக்கிக் கட்டி, உள்ளே கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தால் அவர்களுக்கும் பார்க்கச் சுலபம். சந்தையில் காலை எட்டு மணிக்குள் இறக்கி முடித்தால் நேராகக் கிளம்பிவிடுங்கள். மாலை வரை தங்கினால் இரண்டு பாலமும் ஒன்றுதான், வேலை முடிந்து வீடு திரும்பும் ஜொகூர்க்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள்.