மேடானின் மத்ராஸ் ஹுலு: குடிவர நினைப்பவர்களுக்கும் பணம் போட நினைப்பவர்களுக்கும்

மத்ராஸ் ஹுலுவில் குடியிருக்க ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். பணம் போட மூன்றுதான். மலேசியாவில் பினாங்கிலும் கிள்ளானிலும் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து கேட்பதால், தனித்தனியாகவே சொல்கிறேன். நான் பினாங்குக்காரி. ஒரு இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு வேலைக்காக இந்தோனேசியாவுக்கு வந்து, மத்ராஸ் ஹுலுவில் ஒரு ருக்கோவின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ருக்கோ என்றால் கீழே கடை, மேலே வீடு.

வட சுமத்ராவின் தலைநகரான மேடான் மாநகரத்தில் 21 கெச்சமாத்தன், அதாவது வட்டங்கள்; அவற்றுக்குள் 151 கெலுராஹன், அதாவது வார்டுகள். மேடான் பொலோனியா கெச்சமாத்தனின் ஐந்து கெலுராஹன்களில் ஒன்றுதான் மத்ராஸ் ஹுலு. சின்ன இடம். ஆனால் வட சுமத்ரா ஆளுநர் அலுவலகம், பெரிய பள்ளிவாசலான மஸ்ஜித் அகுங், இம்மானுவேல் தேவாலயம், சன் பிளாசா பேரங்காடி, முதலாம் எண் அரசு மேல்நிலைப்பள்ளி எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. கம்போங் மத்ராஸ் என்று ஊரே சொல்லும் வட்டாரம் இந்த கெலுராஹனோடு முடிவதில்லை, பக்கத்து பெத்திசா தெங்கா வரை நீள்கிறது. 1884ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் நிர்வாகக் கணக்கில் அந்தப் பக்கம்தான். நடந்து போகிறவருக்கு அந்த எல்லை கண்ணில் படாது.

நாலரை கொடுத்ததற்கு முதல் காரணம் அந்த நடைதான். டெலி என்ற இந்த வட்டாரத்தின் புகையிலைத் தோட்டக் காலத்தில் வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள், சீக்கியர்கள், சீனர்கள், மினாங், பாத்தாக், மலாய்க்காரர்கள் எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில் குடியிருக்கிறார்கள். காலையில் மாரியம்மன் கோயில் மணி, மதியம் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய கௌதியா பள்ளிவாசலில் பாங்கு, மாலையில் பாகாருயுங் தெருவில் ரொட்டி சானாயும் மர்த்தபாக்கும் கல்லில் வேகும் வாசனை. இவை எதற்கும் வண்டி எடுக்கத் தேவையில்லை. பெரிய நகரத்தின் நடுவில் வண்டி இல்லாமல் வாழ முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பது வயதான அம்மாவைக் கூட வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தூரம் போக வேண்டுமானால் பெத்தோர் என்ற மோட்டார் ரிக்‌ஷா இருக்கிறது, செயலியில் அழைக்கும் கிராப்பும் கோஜெக்கும் இருக்கின்றன.

தமிழ் பேசிக்கொண்டே காலம் தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைத்து வராதீர்கள். கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தமிழில் நலம் விசாரிப்பார்; பக்கத்தில் நிற்கும் பேத்தி இந்தோனேசிய மொழியில் பதில் சொல்வாள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டுமென்றால் வீட்டில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மலாய் தெரிந்தவர்களுக்குக் கடைத்தெரு மொழி சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

குடிவந்ததும் முதலில் பார்க்க வேண்டியவர் கெப்லிங். கெலுராஹனுக்குத் தலைவர் லுரா. அவர் அரசு ஊழியர். மேடானில் அதற்குக் கீழே 'லிங்குங்கான்' என்ற பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெப்லிங். இருப்பிடக் கடிதம், குப்பைப் பணம், தெருவிளக்கு எதுவானாலும் பேச்சு அவரிடம்தான் ஆரம்பிக்கும். வந்த வாரத்திலேயே பாஸ்போர்ட், கித்தாஸ் என்னும் தங்கும் அனுமதி ஆகியவற்றின் நகல்களோடு போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். எங்கள் கெப்லிங் வாசல் வரை வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார். இப்படி ஒரு சேவையை நான் வேறு ஊரில் பார்த்ததில்லை.

அந்த அரை மதிப்பெண் எங்கே போயிற்று? ஜைனுல் அரிஃபின் சாலையில் மாலை நேர நெரிசலும், நடைபாதையிலேயே நிற்கும் வண்டிகளும் ஒன்று. கைப்பையை வீதிப் பக்கம் தோளில் மாட்டி நடக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பது மேடானில் பழைய தொல்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாது, பெரிய கேனில் வரும் தண்ணீர் வாங்க வேண்டும்.

அப்புறம் மழை. ஓரத்தில் ஓடுவது பாபுரா ஆறு. ஜைனுல் அரிஃபின் சாலையில் அதன் மேல் நிற்கும் கெபஜிகான் பாலத்தைச் சீன வணிகர் சோங் ஆ ஃபீ தன் அண்ணன் நினைவாகக் கட்டினார், 1916ல் திறந்தார்கள். அழகான பாலம். ஆனால் ஆறு கரை மீறும் ஆறு. உள்ளாட்சித் தேர்தல் நாளான 2024 நவம்பர் 27 அன்று மேடானின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்து, சில சாவடிகளில் வாக்களிப்பையே தள்ளிவைத்தார்கள். ஆற்றோரச் சந்துகளில் தரைத்தள வீடு வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இனி பணம். 2013 ஜூலை 25 அன்று குவாலாநாமு விமான நிலையம் திறந்து, இங்கிருந்த பழைய பொலோனியா விமான நிலையம் மூடப்பட்டதும் இந்தப் பக்கம் பெரிதாக எழும்பும் என்று எல்லாரும் பேசினார்கள். பயணிகள் விமானங்கள் போய்விட்டன. ஓடுபாதை இப்போது விமானப்படைத் தளம். அதே கெச்சமாத்தனிலுள்ள சாரி ரெஜோவில் விமானப்படைக்கும் குடியிருப்பவர்களுக்கும் நீண்ட கால நிலத் தகராறு இருக்கிறது. 'பொலோனியாவில் மலிவு மனை' என்று யாராவது சொன்னால் எந்த கெலுராஹன் என்று முதலில் கேளுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நமக்கு ஹக் மிலிக், அதாவது முழு உரிமைப் பட்டா, கிடையாது. 1960ன் நிலச் சட்டம் அதை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறது. உடனே ஒருவர், "இங்கே நம்ம அத்தை பேரன் குடிமகன்தானே, அவன் பேரில் எழுதிக்கலாம்" என்பார். என் மாமா மகனுக்கும் இதே யோசனைதான் வந்தது. வேண்டவே வேண்டாம். அதே சட்டத்தின் 26வது பிரிவுப்படி, வெளிநாட்டவருக்கு உரிமை போய்ச்சேரும் நோக்கில் செய்த ஏற்பாடு செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. பணத்தோடு உறவும் போகும். நோட்டரி முத்திரை இருந்தாலும் கதை மாறாது.

நேர்வழி இருக்கிறது. தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் ஹக் பாக்காய் என்னும் பயன்பாட்டு உரிமை பெறலாம்: 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. எந்த மாகாணத்தில் எந்த விலைக்கு மேல் வாங்கலாம் என்று அமைச்சகம் வரம்பு வைத்திருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி தொடங்கினால் கட்டட உரிமை எடுக்கலாம். ஆனால் அதற்கு நிலமும் கட்டடமும் சேர்க்காமல் ஒரு தொழிலுக்கு 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். ஒரு துணிக்கடைக்கோ சாப்பாட்டுக்கடைக்கோ இது பொருந்தாது. இந்தோனேசியரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வாசல் உண்டு: குடிமக்களான துணைவர் தன் பேரில் மட்டும் நிலம் வைத்துக்கொள்ள, சொத்தைப் பிரிக்கும் ஒப்பந்தத்தைத் திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று 2016ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடிமக்களாக இருப்பவர்களுக்கு என் கருத்து: நீங்களே கடை நடத்துவதாக இருந்தால் ருக்கோ வாங்குங்கள். வாங்கி வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்க என்றால் யோசியுங்கள். வாங்குபவருக்கு விலக்குத் தொகை போக 5 சதவீத வரி, விற்பவருக்கு 2.5, பத்திரம் எழுதும் பி.பி.ஏ.டி. அதிகாரிக்கு அதிகபட்சம் 1. பிறகு வரும் வாடகையில் 10 சதவீதம் இறுதி வரி. சன் பிளாசா பக்கம் கடை முகப்புகளுக்குப் போட்டி இருப்பதால் விலை ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் மூன்று கொடுத்தேன். பட்டா எண் கையில் கிடைத்தால் நில அமைச்சகத்தின் 'செந்து தானாகு' செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு நில அலுவலகத்தில் முறையாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் வாடகைக்கு வாருங்கள். இங்கே பெரும்பாலும் ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கேட்பார்கள். இரண்டு வருடம் சேர்த்துக் கொடுத்தால் பேரம் பேச இடமுண்டு. வீடு தேட இணையத்தைவிட உள்சந்துகளில் 'டிசேவாகான்' (வாடகைக்கு) பலகை தொங்கும் வாசல்கள் மேல். பலகையில் உள்ள எண்ணை அழைப்பதற்கு முன் அந்தச் சந்துக்கு ஒருமுறை இருட்டிய பிறகு போங்கள், ஒருமுறை நல்ல மழை விட்டதும் போங்கள்.